உபதேசியார் உட்கார்ந்தார்

செல்வநாதன் உபதேசியார் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தப் பங்கில் அதிகம் பேர் இல்லை. நின்று பார்த்திருப்பார்கள், நடந்து பார்த்திருப்பார்கள், பழைய மொபெட்டில் முந்திரிக்காட்டுச் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறந்து பார்த்திருப்பார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால்கூட, "நீங்க சாப்புடுங்க, கோயில் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று இலையிலிருந்த வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்ல" என்று பக்கத்து வீட்டு முத்தாயி அவர் காதில் விழும்படியே சொல்வாள். முத்தாயி சொன்னதில் பாதிதான் உண்மை. உபதேசியாருக்கு வேலை நிறைய இருந்தது.

வரதராஜன்பேட்டையைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அது. ஒரு பங்குக் கோயில், அதைச் சுற்றிச் சில கிளைக் கிராமங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சாமியார். சாமியார்கள் வருவார்கள், சில வருஷத்தில் மாற்றலாகிப் போவார்கள். உபதேசியார் போகமாட்டார். கோயில் கதவைத் திறப்பதும் அவர்தான், பூட்டுவதும் அவர்தான். பீடத்துக்குப் பூ வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க வேண்டும், நோயாளி வீட்டுக்குச் சாமியாரைக் கூட்டிப்போக வேண்டும், தேர்த் திருநாளுக்கு மைக்செட்காரனோடு சண்டை போட வேண்டும். சாமியார் ஊரில் இல்லாதபோது பாதிச் சாமியார், சாமியார் இருக்கும்போது முழு வேலைக்காரன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வேலைகள் ஒரு பக்கம் இருக்க, சாவு வீட்டு வேலை தனி. ஒரு உயிர் போய்விட்டது என்றால் முதலில் ஆள் ஓடிவருவது உபதேசியாரிடம்தான். அவர் துக்க மணி அடித்தால்தான் ஊருக்குத் தெரியும். பிறகு பெட்டிக்குச் சொல்வார், குழிவெட்ட ஆள் அனுப்புவார், இறந்தவர் கையில் செபமாலையைச் சுற்றிக் கட்டுவார், தலைமாட்டில் நின்று செபம் தொடங்குவார்.

செபமாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பத்து மணியாக ஐந்து கட்டம் அது. ஒவ்வொரு பத்து முடிந்ததும் மற்ற நாளில் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று புகழ்ச்சி சொல்வார்கள். சாவு வீட்டில் மட்டும் அந்த இடத்தில் வேறு மன்றாட்டு. 'நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே' என்று முன்னால் நிற்பவர் சொல்ல, 'முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக' என்று கூட்டம் பதில் சொல்லும். செல்வநாதன் தன் வாழ்நாளில் சாப்பிட்ட சோற்றுப் பருக்கையை எண்ணினாலும் எண்ணலாம், இளைப்பாற்றி சொன்ன தடவையை எண்ண முடியாது. யார் யாருக்கோ இளைப்பாற்றி கேட்ட அந்த மனிதர், தான் ஒரு நாழிகை இளைப்பாறியதில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மணிக்கயிற்றை அவர் வேறு ஒருவரைத் தொட விட்டதில்லை. பூசை மணி என்றால் விடாமல் அடிக்க வேண்டும். துக்க மணி ஒவ்வோர் அடியாக, அடித்த ஓசை காட்டுப்பக்கம் போய்த் தேய்ந்த பிறகுதான் அடுத்த அடி. ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது பங்குப் பேரவைத் தலைவர் பிரான்சிஸ், பாவம், உதவி செய்வதாக நினைத்துக் கயிற்றைப் பிடித்துக் காலை மணியை அடித்துவிட்டார். அது பூசை மணியாகவும் இல்லை, துக்க மணியாகவும் இல்லை. யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு பாதி ஊர் வாசலுக்கு வந்துவிட்டது. உபதேசியார் போர்வையோடு எழுந்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கி முதலிலிருந்து அடித்தார். அன்றோடு பிரான்சிஸ் மணிப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டவள் மரிய புஷ்பம். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அந்தப் பாலில் விரல்நுனி கறுத்துப் போனவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் ஒரு குத்தல் இருக்கும், கூடவே சிரிப்பும் இருக்கும். ஒரே மகள் ஷைனியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவள் தினமும் போனில் பேசுவாள், அம்மாவின் கால்வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டு அழுவாள்.

கால்வீக்கம் சர்க்கரையில் தொடங்கியது. சர்க்கரை போய்ச் சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரத்தில் இரண்டு நாள் அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் மரிய புஷ்பத்தோடு பஸ் ஏறியது யார் என்று நினைக்கிறீர்கள்? முத்தாயி. தன் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, ஒரு கூடையில் இரண்டு பேருக்கும் இட்லி எடுத்துக்கொண்டு, வேற்றுச்சாமி கும்பிடுகிற முத்தாயிதான் போய்வந்தாள். உபதேசியாருக்கு ஒரு நாள் அடக்கப் பூசை, ஒரு நாள் கிளைக் கிராமத்தில் கூட்டம், ஒரு நாள் ஆயர் வருகை. "ஆண்டவர் வேலை புஷ்பம், நான் என்னா செய்யறது" என்பார்.

"நான் மட்டும் பேயோட வேலையா?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

போன அக்டோபரில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அக்டோபர் செபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்துப்போய், தெருத் தெருவாக, ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் வைத்துச் செபமாலை சொல்வது அங்கே வழக்கம். அந்த மாதம் முழுக்க ஒரு சாயங்காலம்கூட உபதேசியார் தன் வீட்டில் இருக்கமாட்டார்.

"நம்ம வூட்டு முறை வரும்ல்ல, அன்னிக்கு மட்டும் நீங்க மைக்கைப் புடிச்சிக்கிட்டு முன்னால நிக்காதீங்க. யாராச்சும் சொல்லட்டும். நீங்க என் பக்கத்துல உக்காந்து பதில் சொல்லுங்க. நம்ம கல்யாணத்துக்கு அப்பறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு செவமாலை முழுசா சொன்னதில்லைங்க."

"அதுக்கென்னா, உக்காந்துட்டாப் போச்சு" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

அந்த நாள் வந்தது. மரிய புஷ்பம் மகள் எடுத்துக்கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாதா சுரூபத்துக்கு முத்தாயி கனகாம்பரம் கட்டிக் கொடுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் யார் உட்காரப் போனாலும், "அது அவருக்கு" என்றாள்.

அன்றைக்கென்று கிளைக் கிராமம் ஒன்றில் ஒரு சாவு. காலையில் போன உபதேசியார் அடக்கம் முடித்து வரும்போது வீடு நிறைய ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். தொண்டை கட்டியிருந்தது, சட்டையில் கல்லறை மண் அப்பியிருந்தது. நாற்காலியை அவர் பார்த்தாரோ பார்க்கவில்லையோ தெரியாது. "நேரமாயிடுச்சு, எல்லாரும் முழங்கால் போடுங்க" என்று நின்றபடியே தொடங்கிவிட்டார்.

முதல் பத்து முடிந்தது. காலையிலிருந்து எதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதையே அந்த வாய் சொன்னது.

"நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே."

கூட்டத்தில் பாதிப்பேர் பழக்கதோஷத்தில் பதிலும் சொல்லிவிட்டார்கள். "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக." கட்டிலில் இருந்த மரிய புஷ்பமும் அவர்களோடு சேர்ந்து சொன்னாள். சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த வீட்டில் சாவு விழவில்லை. படுக்கையில் இருப்பவள் உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மரிய புஷ்பம்தான் வாயைத் திறந்தாள்.

"என்னாங்க, அவசரம்? நான் இன்னும் போவலீங்களே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். உபதேசியார் மீதி நாலு பத்தையும் மழைக்கு ஓடுகிறவர்போல ஓட்டி முடித்தார். சுரூபத்தை அன்றைக்கு இரவு அந்த வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது முறை. அதையும் மறந்து தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைத்துவிட்டார். அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

அதன்பிறகு மனுஷன் வீட்டில் தங்குவதே அபூர்வமாகிவிட்டது. கட்டிய பெண்டாட்டிக்கு உயிரோடு இருக்கும்போதே சாவுச்செபம் சொன்ன வாய் இது என்று தன்மேல் ஒரு அருவருப்பு. அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சம். கல்லறைத் திருநாள் வந்தது, புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்தார். யாரும் கேட்காமல் ஞானஸ்நானத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு ஊதாத் துணியெல்லாம் துவைத்தார். குடில் கட்ட இன்னும் நாள் இருக்கும்போதே வைக்கோல் தேடிக் கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் போனார். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் ஃபாதர் லியோ பிரபு, "உபதேசியாரே, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கிட்டு அம்மாவைப் பாருங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். "நான் இல்லாட்டி இங்க ஒண்ணும் ஓடாது சாமி" என்றார் இவர். சாமியார் சின்ன வயசுக்காரர், எதிர்த்துப் பேசத் தெரியவில்லை.

கடைசியில் முத்தாயியின் பசு ஒன்று செய்த உபகாரம்தான் எல்லாம். டயாலிசிஸ் நாளன்று அது கன்றுபோடுகிற நிலையில் நின்றது. முத்தாயி வேலியைத் தாண்டி வந்து முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"இன்னிக்கு என்னால வர முடியாது. நீங்க கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா அக்காவை இப்புடியே வுட்டுருங்க, நீங்கதான் அன்னிக்கே மந்திரம் சொல்லி அனுப்பிச்சிட்டீங்களே."

அந்தச் சொல் அவருக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து அரியலூர் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. மரிய புஷ்பம் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

மெஷினில் போட்டுவிட்டால் முழுசாக நாலு மணி நேரம். கூட வந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். உபதேசியார் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், டீ குடித்துவிட்டு வந்தார், மறுபடி எழுந்தார். அவளுடைய ரத்தம் வெளியே வந்து, குழாயில் சுற்றி, மறுபடி அவளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் இது நடந்துகொண்டிருந்தது, அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மன்னிச்சிக்க புஷ்பம்" என்றார் கடைசியில். "அன்னிக்கு வாய் தவறிடுச்சு."

"அன்னிக்கு நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவள். "சொல்லிட்டு ஓடுனீங்க பாருங்க, அதுதான் தப்பு."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"நான் போயிடுவேன்னு எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ஊர்ல எல்லாப் பொணத்துக்கிட்டயும் நிக்கிற மனுசன், உசுரோட இருக்கிற எங்கிட்ட ஒரு நாழி உக்கார மாட்டேங்கிறீங்க. நான் செத்தா ஓடியாந்து நிப்பீங்க. கை நெறைய வேலை இருக்கும். அப்ப எனக்கு நீங்க தேவைப்பட மாட்டீங்களே."

"அப்புடிச் சொல்லாத."

"சொல்லாம? இளைப்பாத்தி, இளைப்பாத்தின்னு ஊரெல்லாம் கேட்டு வாங்கித் தர்றீங்க. செத்தவங்களுக்குன்னு மட்டுமா ஆண்டவரு அதை எடுத்து வெச்சிருக்காரு? களைச்சுப் போனவங்கள வாங்கன்னுதானே கூப்புட்டாரு? பாடையில வெச்சுத் தூக்கிட்டு வாங்கன்னா கூப்புட்டாரு?"

இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு. மரிய புஷ்பத்துக்குப் படிப்பு எதுவும் கிடையாது. இத்தனை ஞாயிறுகள் பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்து காதில் வாங்கியதுதான். செல்வநாதன் அந்த ஆஸ்பத்திரி ஸ்டூலில், நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "அழுங்க, அழுங்க, எப்புடியும் இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றாள் அவள்.

மறுநாள் சாமியாரிடம் போய், இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தான் வீட்டில் இருக்கப்போவதாகச் சொன்னார். அந்த நேரத்துத் திரிகால செப மணியை யார் அடிப்பது? வேறு வழியில்லாமல் பிரான்சிஸ்தான் அடித்தார், அன்றுபோலவே தப்பாக. உபதேசியார் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தானாக ஆடின. செபமாலையின் ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் கை சட்டைப்பையில் இருந்த போனைத் தடவியது.

"அந்த போனைக் கொண்டுபோயி அரிசி டிரம்முல போடுங்க" என்றாள் மரிய புஷ்பம்.

அதன்பிறகு தினமும் போன் அரிசிக்குள் போனது. சில நாள் அங்கிருந்து முனகும். முத்தாயி வந்து வாசப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் பாதி செபம் பாடமாகிவிட்டது. அந்த நாற்காலியில் உபதேசியார், கட்டிலில் மனைவி. ஒவ்வொரு பத்து முடிந்ததும் 'பிதாவுக்கும்' சொல்லிவிட்டு, இளைப்பாற்றியையும் சொல்லச் சொன்னாள் மரிய புஷ்பம். அவர் தயங்கினார்.

"எனக்கு மட்டும் கேக்க வேணாம். நமக்குன்னு கேளுங்க."

"நித்திய இளைப்பாற்றியை எங்களுக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்று திருத்திச் சொன்னார். சாவு வீட்டில் வழவழவென்று வருகிற அந்த வார்த்தை அன்றைக்குத் நின்று நின்று வந்தது.

டயாலிசிஸுக்காக அவளுடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறுபோலப் புடைத்திருக்கும். "தொட்டுப் பாருங்க" என்று ஒரு நாள் கையை நீட்டினாள். தோலுக்கு அடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரிந்தது, பூனை மடியில் படுத்துச் சத்தம் போடுகிற மாதிரி. பயந்துபோய்க் கையை எடுத்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வலது கையில் செபமாலை, இடது கை அவளுடைய கையின்மேல்.

மூன்றாம் பத்தில் அவள் தூங்கிவிடுவாள். அவர் மெதுவாகச் சொல்லி முடிப்பார். ஒரு நாள் நேர்மாறாக நடந்தது. கண்ணை விழித்துப் பார்த்தால் விளக்கு எரிகிறது, முத்தாயி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள், மரிய புஷ்பம் கடைசிப் பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறார். அப்படி ஒரு தூக்கத்தை அவர் அறிந்ததில்லை. அந்த நேரத்தில் கோயில் அதன்பாட்டுக்கு இருந்தது, ஊர் அதன்பாட்டுக்கு இருந்தது. தான் ஓடினால்தான் ஆண்டவரின் காரியம் நடக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாரே, அதை நினைக்க வெட்கமாக இருந்தது. கோயில் கோயிலாக அவர் தேடி ஓடிய ஆண்டவர் இந்த மருந்து நாற்றம் அடிக்கும் அறையில் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பிந்தித் தெரிந்ததே என்று நெஞ்சு வலிக்கவும் செய்தது.

சாவுகள் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் செபத்துக்கு நடுவில் வாசலில் ஆள் வந்து நின்றான். இவர் எழுந்திருக்கவில்லை. அவள்தான் சொன்னாள், "போயிட்டு வாங்க. அந்த வூட்லயும் ஒருத்தி உக்காந்திருப்பா. அவ பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க. மெஷின் மாதிரி சொல்லிட்டு வந்துடாதீங்க." அன்றைக்குச் சாவு வீட்டில் உபதேசியார் தலைமாட்டில் நிற்காமல், புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து செபம் சொன்னதை ஊரே அதிசயமாகப் பார்த்தது.

பொங்கல் போய், முந்திரி பூத்தது. ஊரெங்கும் அந்தப் பூ வாசம். மரிய புஷ்பத்துக்கு இரண்டு எட்டு வைத்தாலும் மூச்சிரைத்தது. ஷைனி வந்து பத்து நாள் இருந்துவிட்டு, பிள்ளைக்குப் பரீட்சை என்று அழுதுகொண்டே திரும்பிப் போனாள். சாயங்காலச் செபம் மட்டும் நிற்கவில்லை. பதில் சொல்ல அவளுக்கு முடியாதபோது உதடு மட்டும் அசையும். அவர் அது அசைந்து முடிகிறவரைக்கும் காத்திருந்து அடுத்ததைத் தொடங்குவார்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு விடியற்காலை. உபதேசியார் எழுந்து முகம் கழுவினார். கோயில் சாவியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கட்டில் பக்கம் திரும்பி, "மணி அடிச்சிட்டு வந்துடுறேன் புஷ்பம்" என்றார். எவ்வளவு முடியாத நாளிலும் அதற்கு ஒரு "ம்" வரும். அன்று வரவில்லை.

கிட்டே போய் அவளுடைய இடது கையில் விரலை வைத்தார். கிர்ரென்ற அந்த ஓட்டம் நின்றுபோயிருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்று அந்தப் பங்கிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? முதலில் துக்க மணி. பிறகு சாமியார், மகளுக்குப் போன், பெட்டி, குழி, கறுப்புக்கொடி, தாடையைத் துணியால் கட்ட வேண்டும், கை விறைப்பதற்குள் செபமாலையைச் சுற்ற வேண்டும். எல்லாம் வரிசையாகத் தலைக்குள் ஓடின. கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கையில் சாவிக்கொத்து குலுங்கியது. நான் செத்தா ஓடியாந்து நிப்பீங்க என்று அவள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

சாவியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குளிர்ந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பிதாச் சுதன் போட்டு, முதல் பத்தைத் தொடங்கினார். அவசரப்படவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து சட்டையில் இறங்கியது.

மணி அடிக்காத காலையை அந்த ஊர் கண்டதில்லை. கோயில் மணியை வைத்துத்தான் முத்தாயி பால் கறப்பாள். நேரமாகியும் மணி இல்லையே என்று செம்பும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. "அய்யோ அக்கா" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். உபதேசியார் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் தரையைக் காட்டினார். முத்தாயி செம்பை வைத்துவிட்டு, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோயில் பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஃபாதர் லியோ பிரபு வந்து வாசலில் நின்றார். "உபதேசியாரே..." என்று தொடங்கினார்.

"உக்காருங்க சாமி. இன்னும் ஒரு பத்து இருக்கு."

சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு முத்தாயிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்.

ஐந்தாம் பத்து முடிந்தது. செல்வநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நித்திய இளைப்பாற்றியை இவளுக்குத் தந்தருளும் ஆண்டவரே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் உதடு அசைந்து முடிகிறவரைக்கும் காத்திருந்து பழகிவிட்டவர், பதில் கட்டில் பக்கமிருந்து வரவேண்டும் என்றே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தாயிதான் சொன்னாள், உடைந்த குரலில், தனக்கு வந்தபடி.

"முடிவில்லாத ஒளி எங்கக்கா மேல ஒளிரட்டும் சாமி."

வெயில் ஏறிய பிறகுதான் மணி அடித்தது. கட்டிலின் ஓரத்தில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சாமியாரே அடித்தார். கயிறு பிடித்துப் பழக்கமில்லாதவர், அழுதுகொண்டு அடித்தார். இடைவெளி விடாமல், பூசை மணிபோல அடித்துவிட்டார். சனங்கள் முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்கென்று கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். அடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்புவது உபதேசியாரின் காதில் கேட்டது. தப்பு என்று அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து போகவில்லை. மரிய புஷ்பத்தின் கையைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார்.